இனிஷியலுக்கு முந்தின பேர்

மக்கா, உங்க தாத்தாவோட தாத்தா பேர் என்ன? எனக்கும் இந்தப் பங்குனி உத்திரம் வரைக்கும் தெரியாது.

ஸ்காட்லாந்துக்காரங்களுக்கு இது எளிது. 1855-லேருந்தே அங்க பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாத்தையும் கட்டாயம் பதியணும். குடும்பப் பேரும் தலைமுறை தாண்டி வரும். ஆன்லைன்லயே முன்னோரைத் தேடிப் பிடிக்கிறாங்க. நம்ம நாடு முழுமைக்குமான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-லதான் வந்தது. நம்ம இனிஷியலோ அப்பாவோட நின்னுடும்.

ஆனா நெல்லைச் சீமையில வேறொரு பதிவேடு இருக்கு: குலசாஸ்தா கோயில். பிழைக்க எங்க போனாலும் பங்குனி உத்திரத்துக்கு அங்க வந்துடணும். இந்தத் தடவை பக்கத்து அடுப்புல பொங்கல் வச்சது ஒரு மும்பைக் குடும்பம். ஆச்சி பேச்சுக் கொடுத்தா. அரை மணி நேரத்துல ரெண்டு வீட்டுக்கும் மூத்தவர் ஒருத்தர்தான்னு தெரிஞ்சுபோச்சு. என் தாத்தாவோட தாத்தா!

"அவரு பேருதாம்ல உன் தாத்தாவுக்கு. அதான் உனக்கும்" என்றாள். பேரன்னா பெயரன்தானே! சிலிர்த்துப்போச்சு.

போன வாரம் ஆச்சி என்னை அப்பான்னு நெனச்சுப் பேசினா. அன்னிக்கு ராத்திரியே நோட்டை எடுத்து, அவ சொல்லச் சொல்ல எழுத ஆரம்பிச்சேன்.

லீவுக்கு ஊருக்குப் போறீங்கல்ல? கேட்டுட்டு வாங்க.