பார்ப்பவரின் மறதி

இந்த வருடத்தோடு எடிட்டிங் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். கண் ஒத்துழைக்கவில்லை. கிளம்புவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹைதராபாத் கிருஷ்ணா நகர்ப் பக்கம் எந்த இளைஞரைக் கேட்டாலும், “ஷார்ட் ஃபிலிம் ஹிட் சார், அதையே ரெண்டு மணி நேரம் பண்ணிட்டா படம்” என்கிறார். இழுத்தால் நீள்வதற்கு அது என்ன ரப்பரா?

குறும்படம் பார்ப்பவர் எதையும் மறப்பதில்லை. முதல் ஷாட்டில் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு மேசைமேல் இருந்தால், பத்தாவது நிமிடத்தில் அதைத் திறந்து காட்டினாலே போதும், அழுதுவிடுவார். முழுநீளப் படத்தில் அதே கூடு முதல் ரீலில் வந்து பதினாலாவது ரீலில் வேலை செய்ய வேண்டும். நடுவில் பாட்டு, ஃபைட், இன்டர்வெல், சமோசா, வீட்டிலிருந்து போன். கூடு யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால் செகண்ட் ஹாஃபில் ஒருமுறை, வேறு ஏதோ காரியத்துக்காக வந்ததுபோல, அது கண்ணில் பட வேண்டும். குளோசப்பில் வைத்தால் கிளைமாக்ஸ் தெரிந்துவிடும். வைடில் வைத்தால் ஒருவரும் பார்க்கமாட்டார். அங்கே எத்தனை ஃபிரேம் விடுவது என்பதில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது. குறும்படக்காரருக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவருக்கு வேறு தலைவலி: ஒரு ஷாட் கூடினாலும் முடிவு பிசுபிசுத்துப்போகும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கோடம்பாக்கத்து ஆள். தெலுங்குப் படங்கள் சென்னையை விட்டு ஹைதராபாத்துக்கு மாறியபோது பின்னாலேயே வந்தவர்களில் ஒருவர்; நான் அவர் பின்னால் வந்தேன். அப்போது ஆயிரம் அடி ரீல், ஏறக்குறைய 11 நிமிடம். ரீல் கடைசியில் உயிரான வசனம் வரக்கூடாது என்பார். பிரிண்ட் தேயத் தேய, முதலில் அடிபடுவது ரீலின் தலையும் வாலும்தான். தியேட்டர் ஆபரேட்டர் வெட்டி ஒட்டும்போது வசனமும் குப்பைக்குப் போய்விடும்.

அவருடைய பெரிய பாடம் இன்னொன்று. திடீரென்று ஒன்பதாவது ரீலை மட்டும் எடுத்து மூவியோலாவில் ஏற்றுவார். ஓடி முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாளை நீட்டுவார். “இந்த இடத்துல ஹீரோவுக்கு என்னடா தெரியும்? வில்லனுக்கு என்ன தெரியும்? டிக்கெட் வாங்கினவனுக்கு என்ன தெரியும்? இதுல அவன் எதை மறந்திருப்பான்? எழுது.” முதல் மூன்றையும் யாரும் எழுதிவிடலாம். நாலாவதில்தான் மாட்டிக்கொள்வேன். படத்தை நாளெல்லாம் ஓட்டிப் பார்க்கிறவனுக்கு மறதி எங்கிருந்து வரும்? எழுதாதவரை ஸ்ப்ளைசரைத் தொட விடமாட்டார். பிரிவியூ தியேட்டரில் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கூட்டத்தைப் பார்ப்பார். யாராவது பக்கத்து ஆளிடம் குனிந்து “இவன் யாரு?” என்று கேட்டால், மறுநாள் காலை அந்த ரீல் மறுபடி மேசைக்கு வந்துவிடும். என்னை ஒருநாளும் பாராட்டியதில்லை. ஆனால் இன்றும் நிறம் திருத்தும் டி.ஐ.க்கும் பின்னணி இசை சேர்க்கும் ஆர்.ஆருக்கும் ரீல் பிரித்து அனுப்பும்போது அவர் தாள்தான் என் கண்முன் நிற்கிறது.

குறும்படத்திலிருந்து பெரிய படத்துக்குச் சரியாக வந்தவருக்கு இந்த ஊர் உதாரணமே இருக்கிறது. குறும்படங்களில் பெயர் வாங்கிய தருண் பாஸ்கர் 2016இல் ‘பெள்ளி சூப்புலு’ எடுத்தார். பெண் பார்க்க வந்த பையனும் பெண்ணும் ஒரு அறைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள், கதவு திறக்கவில்லை, பேசிக்கொள்கிறார்கள். பிறகு பார்த்தால், வந்ததே தப்பான வீடு. குறும்படமாக இருந்தால் அதோடு டைட்டில் ஓடியிருக்கும். அவர் அங்கிருந்துதான் கதையைத் தொடங்குகிறார். குறும்படத்தில் முடிவாக நிற்பது பெரிய படத்தில் ஆரம்பமாகிறது. அந்தப் படத்துக்குத் தேசிய விருது சும்மா வரவில்லை.

பாலாஜி மோகனும் அப்படித்தான். ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படத்தை 2012இல் தமிழிலும் தெலுங்கிலும் பெரிய படமாக்கியபோது, நாயகியின் பெற்றோருக்கும் ஒரு பிரிவை எழுதிச் சேர்த்தார். ‘நாளைய இயக்குநர்’ குறும்பட நிகழ்ச்சியிலிருந்து வந்த கார்த்திக் சுப்பராஜும் நலன் குமரசாமியும் ‘பீட்சா’, ‘சூது கவ்வும்’ என்று பெரிய படத்துக்கு உரிய கதையோடுதான் வந்தார்கள்.

அதற்காகக் குறும்படம் ஒரு விசிட்டிங் கார்டு என்று நினைப்பதும் அவமரியாதைதான். முதுமலை யானைக் குட்டிகளைப் பற்றிய ஆவணக் குறும்படமான ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. 2023இல் ஆஸ்கர் வாங்கியது. அதை இன்னும் ஒரு மணி நேரம் இழுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

இப்போது எடிட் ரூமில் முழுப்படத்தையும் உட்கார்ந்து பார்க்கவே ஆள் இல்லை. லேப்டாப்பில் சீன் சீனாகப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் கரெக்‌ஷன் அனுப்புகிறார்கள். ஒரு சீனை மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா ரீலும் மாறும் என்பது தெரியவில்லை. ஒரு தயாரிப்பாளர் ரிலீஸுக்குப் பிறகு ‘லேக்’ என்று சொல்லி பத்து நிமிடத்தைத் தூக்கினார். ஞாபகப்படுத்த நான் வைத்திருந்த ஷாட்டும் அதோடு போனது. கிளைமாக்ஸ் யாருக்கும் புரியவில்லை. விமர்சனத்தில் என்ன எழுதினார்கள்? “எடிட்டிங் சுமார்.” பெயர் என்னுடையதுதானே, திட்டும் எனக்குத்தான்.

என் உதவியாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஷார்ட் ஃபிலிமைப் பெரிய படமாக்கப் போகிறேன் என்று யார் வந்தாலும், முதலில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடு. ஒன்பதாவது ரீலில் யாருக்கு என்ன தெரியும், பார்ப்பவர் எதை மறந்திருப்பார் என்று எழுதி வாங்கு. எழுதித் தராதவருக்கு டேட் கொடுக்காதே. வருமானம் குறையும், குறையட்டும்.