ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒரு கை

எங்க பக்கம் புற்றுநோய்னு சொல்ல யாருக்கும் சட்டென்று வாய் வராது. "அவங்கள மஹரகமைக்கு அனுப்பிட்டாங்களாம்" என்பார்கள். அவ்வளவுதான், லயம் முழுக்கப் புரிந்துவிடும். ஊர்ப் பெயரே நோயின் பெயராகிவிட்டது. இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்குப் போகும் ஏ4 வீதி அவிசாவளையைத் தாண்டி மஹரகம வழியாகத்தான் போகிறது. கொழும்பில் கடை வேலைக்குப் போகிற எங்கள் வயதுப் பிள்ளைகளும் அந்த ரோட்டில்தான் போகிறார்கள், மடியில் எக்ஸ்ரே உறையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற அக்காக்களும் அதே ரோட்டில்தான்.

நோயைக் கண்டுபிடிப்பது பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒக்டோபர் வந்தால் ரோஸ் ரிப்பன் குத்திக்கொண்டு அதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், நல்லதுதான், பேசட்டும். எங்களுக்குப் பேச வேண்டியிருப்பது அதற்குப் பிறகு வருவதை. மார்பை எடுத்து, மருந்து ஏற்றி, கரண்ட் பிடித்து, எல்லாம் முடிந்து ஒரு பெண் தோட்டத்துக்குத் திரும்பி வருகிறார். நோய் போயிருச்சு என்கிறார்கள். சரி, கை?

எங்களில் சிலர் எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து றப்பர் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் இறக்குவானைப் பக்கம், தேயிலை. ஒருத்திக்கு அத்தை, ஒருத்தனுக்குப் பக்கத்துக் காம்பரா பெரியம்மா என்று ஆளுக்கொரு பெண் இருந்ததால்தான் இந்த விஷயத்தை வாசிக்கவே தொடங்கினோம். தேயிலையோ றப்பரோ, எங்க ஊர்ப் பெண்களுக்குக் கைதான் சம்பளம். கொழுந்துக்கு இரண்டு கையும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். பால் வெட்டுகிறவருக்குக் கத்தியை ஒரே ஆழத்தில் இழுக்கத் தோள் வேண்டும். கை தூக்க முடியாவிட்டால் பேர் விழாது. அரைப்பேர் விழும், அல்லது அதுவும் விழாது. 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனபோது எல்லாரும் அந்த எண்ணைப் பற்றித்தான் பேசினோம். முழுப்பேர் போட முடியாதவருக்கு அது வெறும் பேப்பரில் இருக்கிற எண்.

அத்தைக்கு ஒப்பரேஷன் நடந்து நாலாவது மாதம், "மோதிரம் ஏற மாட்டேங்குது" என்றார். பிறகு ரவிக்கைக் கை இறுகியது. பிறகு, வலது கை மழையில் நனைந்த சாக்கு மாதிரி கனக்குது என்றார். சொந்தக்காரர்கள் வந்து ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காத்துப் பிடிச்சிருக்கு. கண்ணு பட்டிருக்கு. எண்ணெய் காய்ச்சிச் சூடாத் தேய். ஒருவர் மட்டும் "யானைக்கால் மாதிரி இது யானைக்கையா?" என்று கேட்டார். கேட்ட விதம் அத்தையை அழ வைத்தது. ஆனால் உண்மைக்குக் கிட்டே வந்தவர் அவர்தான். யானைக்காலும் இதுவும் ஒரே கோளாறு: நிணநீர் ஓட வழியில்லாமல் தேங்குவது. அங்கே புழு வழியைக் கெடுக்கிறது. இங்கே அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்ததால் வழி போகிறது. (இலங்கையில் யானைக்கால் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. இந்தக் கைவீக்கத்துக்கு அப்படி ஒரு அறிவிப்பு வரப்போவதில்லை.)

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்கக் கான் போதும். மலையில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருப்பார்கள் இல்லையா? பத்துக் கானில் ஏழை மூடிவிட்டால் சின்ன மழைக்கு ஒன்றும் ஆகாது. பெரிய மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், மண் சேறாகும். கையும் அப்படித்தான். அதனால்தான் வீக்கம் சிலருக்கு ஒப்பரேஷன் முடிந்து வருடங்கள் கழித்துக்கூட வருகிறது, ஒரு சின்னப் புண்ணோடு, ஒரு காய்ச்சலோடு.

அப்படியென்றால் கணுக்களை ஏன் எடுக்கிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடச் சண்டை இருக்கிறது. 1890களில் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மார்பு, அதன் அடியிலுள்ள தசை, அக்குள் கணுக்கள் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக எடுக்கும் முறையைப் பரப்பினார். எவ்வளவு அதிகமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதுதான் அதன் பின்னாலிருந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கை முக்கால் நூற்றாண்டு ஓடியது. பேர்னார்ட் பிஷர் என்பவர் 1971இல் ஒரு பெரிய பரிசோதனையைத் தொடங்கி, 1600க்கு மேற்பட்ட பெண்களை 25 வருடம் பின்தொடர்ந்தார். 2002இல் வந்த முடிவு: அதிகமாக வெட்டியவர்கள் அதற்காக அதிக காலம் வாழவில்லை. 25 வருடம்! ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள அத்தனை பெண்கள் அத்தனை காலம் கிளினிக்குக்கு வந்து போயிருக்கிறார்கள். அவர்கள் ஒருத்தர் பெயரும் நமக்குத் தெரியாது.

அடுத்து வந்தது காவல் கணு. கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு கணுக்களை நீலச் சாயம் போன்ற ஒன்றை ஏற்றிக் கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் நோய் இல்லையென்றால் மற்றதைத் தொடத் தேவையில்லை. 2011இல் வெளியான ஒரு ஆய்வு இன்னும் ஒரு படி போனது. கட்டியை மட்டும் எடுத்து மார்புக்குக் கரண்ட் பிடிக்கிற பெண்களுக்கு, ஒன்றிரண்டு காவல் கணுவில் நோய் இருந்தாலும் அக்குள் முழுவதையும் துடைக்க வேண்டியதில்லை என்று காட்டியது. 2014இல் வெளியான ஐரோப்பாவின் அமரோஸ் ஆய்வில், அக்குளை வெட்டியவர்களில் ஐந்தாவது வருடத்தில் 23 வீதமானோருக்குக் கைவீக்கம் இருந்தது. வெட்டாமல் கரண்ட் பிடித்தவர்களில் 11 வீதம். நோய் அக்குளில் திரும்பி வருவது இரண்டு பக்கமும் மிகக் குறைவுதான்.

இதையெல்லாம் வாசித்தவுடன் எங்களுக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். அப்போ அத்தைக்கு ஏன் முழுசா எடுத்தாங்க? துண்டை எடுத்துத் திரும்பப் பார்த்தோம். 17 கணு எடுத்து, 4இல் நோய். அந்த 2011 ஆய்வு அவரைப் போன்றவர்களைப் பற்றியது இல்லை. அவர் கட்டியைத் தொட்டுப் பார்த்தது தைப்பொங்கல் சமயம், டொக்டரிடம் காட்டியது தீபாவளி முடிந்து. இடையில் பத்து மாதம். வலி இல்லை, வேலை இருந்தது, ஒரு நாள் போனால் ஒரு பேர் போகும். குறைவாக வெட்டும் விஞ்ஞானம் சீக்கிரம் வந்தவர்களுக்குத்தான் கிடைக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களின் சுவநாரி கிளினிக்கில் மார்பைப் பார்க்கக் காசு எடுப்பதில்லை. அந்த நாளுக்குப் பேர் போடுவார்களா என்பதுதான் எங்க பக்கத்துக் கேள்வி.

இந்தியாவில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் ஆராய்ச்சி என்றாலே விலையான மருந்து என்று நினைக்கிறோம். மும்பை டாட்டா மெமோரியல் தலைமையில் 11 மருத்துவ நிலையங்களில் சுமார் 1600 பெண்களிடம் ஒரு சோதனை. கட்டியை வெட்டுவதற்குச் சில நிமிடம் முன்னால், அதைச் சுற்றி லிடொகெய்ன் போட்டார்கள், பல்லுப் பிடுங்கும்போது போடுகிற அதே விறைப்பு மருந்து. 2023இல் வந்த முடிவில் ஐந்து வருடம் உயிரோடிருந்தவர்கள் 86.4 வீதத்திலிருந்து 90.1 வீதமாகியிருந்தார்கள். இன்னும் பலர் திரும்பச் செய்து பார்க்க வேண்டிய ஆய்வுதான். ஆனாலும் அந்த மருந்தின் விலையை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

கைக்கு வருவோம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அத்தையிடம் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள், உடற்பயிற்சித் தாள். எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமில்லை. தாள் சிங்களத்தில் இருந்தது. அத்தைக்குச் சிங்களம் நல்லாப் பேச வரும், கடையில் சண்டையே பிடிப்பார். வாசிக்க வராது. தாள் மூன்று மாதம் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. எங்களில் ஒருத்தி சிங்கள மீடியத்தில் படித்தவள். அவள்தான் எடுத்து வாசித்தாள்.

"அத்தை, செவுத்துல விரல வச்சு மெதுவா மேல ஏத்துங்க, பல்லி மாதிரி."

"ஏன்டி, பாக்கிறவ என்ன நெனப்பா?"

"வெள்ளையடிக்கப் போறாங்கன்னு நெனப்பா. ஏத்துங்க."

எட்டின இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு கோடு. மறுநாள் இன்னொரு கோடு. தோள் இறுகிப் போகாமலிருக்க இந்தப் பயிற்சியை ஒப்பரேஷன் முடிந்த கொஞ்ச நாளிலேயே, டொக்டர் சொன்ன அளவில் தொடங்க வேண்டுமாம். நாலு மாதத்துக்குப் பிறகு தொடங்கியவருக்கு ஒவ்வொரு கோடும் ஒரு சண்டை. அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு இழுத்த மாதிரி இருந்ததும், மேல்கையின் உள்பக்கம் மரத்துப் போனதும் பலருக்கு வருகிறதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. கயிறு பெரும்பாலும் தானாக விடும். மரத்தது சிலருக்கு அப்படியே இருக்கும்.

கையைப் பத்திரமாப் பாத்துக்குங்க, கனம் தூக்காதீங்க என்று எல்லாரும் சொல்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. தண்ணீர்க் குடம், விறகு, பேரப்பிள்ளை, இதில் எது கனம் இல்லை? 2009இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் கத்ரின் ஷ்மிட்ஸ் குழு, ஏற்கெனவே கைவீக்கம் உள்ள 141 பெண்களில் ஒரு பாதியை வாரம் இரண்டு முறை எடை தூக்க வைத்தது. மிகக் குறைந்த எடையில் தொடங்கி, அழுத்தக் கையுறை போட்டு, பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்க. ஒரு வருடத்தில் வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவது 29 வீதத்திலிருந்து 14 ஆகக் குறைந்தது. கையைச் சும்மா வைத்திருப்பது மருந்தில்லை. மெல்ல மெல்லப் பழக்குவதுதான் மருந்து. இதைத் தோட்டத்தில் சத்தமாகச் சொல்லவும் பயமாக இருக்கிறது. "எடை தூக்கலாமா? அப்ப நாளைக்கே 18 கிலோ எடு" என்று சொல்ல ஆள் இருக்கிறது. இரண்டும் ஒன்றில்லை. அங்கே வலித்தால் நிறுத்தலாம். மலையில் நிறுத்தினால் அரைப்பேர்.

இன்னொரு பயம், பிரஷர் பார்க்கிறது. அந்தக் கையில் பட்டி கட்டினால் வீங்கும் என்று அத்தை டிஸ்பென்சரிக்கே போக மாட்டார். 2016இல் வெளியான, 632 பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் பிரஷர் பார்ப்பதற்கும் ஊசி போடுவதற்கும் வீக்கத்துக்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. மற்றக் கையைக் கொடுக்க முடிந்தால் கொடுக்கட்டும், பயந்து சாக வேண்டாம். தொடர்பு கிடைத்தது வேறொன்றுக்கு: தோலில் கிருமி புகுந்து கை சிவந்து வீங்கும் செலுலைட்டிஸ். இது எங்க ஊர் விஷயம். சப்ரகமுவ மழையில் அட்டை கடிக்காத நாள் உண்டா? தேயிலைக் குச்சி கிழிக்கும், பால் வெட்டுற கத்தி வழுக்கும், பாலை உறைய வைக்கிற அசிட் தெறிக்கும். நீளக் கைச்சட்டை, கையுறை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைப்பது, கொஞ்சம் தேங்காயெண்ணெயோ கிரீமோ. சூடு வைத்துத் தேய்க்கக் கூடாது. கை சிவந்து சுடுது, நடுங்கிக் காய்ச்சல் வருது என்றால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. பெரியம்மா ஒருமுறை அப்படிக் காத்திருந்தார். கை பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

அழுத்தக் கையுறை பற்றிச் சுருக்கமாக: உதவுகிறது, விலை, வியர்க்கிறது, ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். அளவு பார்த்து வாங்க வேண்டும், மற்றவருடையதைப் போடக் கூடாது. மார்புக்கு அத்தை தானே பழைய சேலையில் பஞ்சு அடைத்துத் தைத்துக்கொண்டார். பஞ்சுக்குக் கனம் இல்லாததால் அது கழுத்துப் பக்கம் ஏறி ஏறி வந்தது. பிறகு உள்ளே கொஞ்சம் பயறு போட்டார். அதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரிப்பார், நாங்கள் சிரிக்கலாமா என்று தெரியாமல் நிற்போம்.

இப்போது அத்தைக்குப் புள்ளக் காம்பராவில் உதவி வேலை. அதுவும் சட்டமாகக் கிடைத்ததில்லை. ஒரு கணக்கப்பிள்ளை மனது வைத்ததால் கிடைத்தது. பெரியம்மாவின் தோட்டத்தில் அப்படி ஒருவர் இல்லை. இலேசான வேலை என்று டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டை அவர் இன்னும் பையில் வைத்திருக்கிறார். தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்குப் பேசும்போது இதையும் பேசலாம். சிகிச்சை முடிந்து வருகிறவருக்கு ஒரு வருடம் முழுப்பேரில் வேறு வேலை என்று கேட்டால் கம்பனி கவிழ்ந்துவிடாது.

அந்தச் சிங்களத் தாளை நாங்கள் தமிழில், பேசுகிற தமிழிலேயே எழுதி, ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டித் திருத்திக்கொண்டு போட்டோகொப்பி எடுத்தோம். மிட்வைஃப் மிஸ் கொஞ்சம் வாங்கிக்கொண்டார். தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் பெண்கள் அதிலே கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார்கள், எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை வைத்து. கொழுந்துப் பையின் பட்டையை எந்தத் தோளில் போடுறது? மாவாட்டலாமா? குளிசை சாப்பிட்டா உடம்பெல்லாம் தீயா எரியுது, நிறுத்தலாமா? (டொக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க என்று அதற்கு மட்டும் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டோம்.) ஒருவர் பேர் போடாமல் எழுதியிருந்தார்: வீட்டுக்காரர் பக்கத்தில் படுக்க வெக்கமா இருக்கு, இத யார்கிட்ட கேக்குறது? மற்றக் கேள்விகளைப் பிசியோதெரபிஸ்ட் மிஸ்ஸிடம் கொடுத்திருக்கிறோம். இந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.