கிரைண்டரும் கம்ப்யூட்டரும்!

"ஃபார்மேட் பண்ணிடலாம் மேடம். உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடும். பரவாயில்லையா?"

தி.நகரில் ஒரு ரிப்பேர் கடைப் பையன் இதை ஏதோ தக்காளி விலை சொல்வது போலத்தான் சொன்னான். எனக்கோ பகீரென்றது. 2011-ல் வாங்கிய அந்த லாப்டாப்புக்குள் என் பெண் பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை எடுத்த போட்டோக்கள் இருந்தன. அவற்றையும் விட, என் அம்மாவின் குரல் இருந்தது. 2014-ல் அம்மா எங்களோடு ஒரு மாதம் தங்கியிருந்தபோது, நார்த்தங்காய் ஊறுகாயிலிருந்து பிரசவ லேகியம் வரை அவள் சொல்லச் சொல்ல செல்போனில் பதிவு செய்து, லாப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தேன். 2021-ல் அம்மா போய்விட்டாள். அந்தப் பழைய செல்போன் எப்போதோ போய்விட்டது. ஊறுகாயைக்கூட இரண்டு ஜாடிகளில் பிரித்து வைக்கிற எனக்கு, இதை இன்னொரு இடத்தில் நகலெடுத்து வைக்கத் தோன்றவில்லை பாருங்கள்!

ஒருநாள் கரண்ட் வந்து வந்து போனதில் லாப்டாப் படுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் நீலத் திரை, அதில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து. அவ்வளவுதான்.

"வாங்கும்போது கொடுத்த டிஸ்க் இருக்கா?" என்றான் பையன். இருந்தால் கொடுக்க மாட்டேனா? அப்போது நாங்கள் கோட்டூர்புரத்தில் கீழ்வீட்டில் இருந்தோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வீட்டுக்குள் வந்தபோது, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த டிஸ்க்குகள் சேற்றோடு சேறாகிவிட்டன. லாப்டாப் பரண்மேல் இருந்ததால் பிழைத்தது. டிஸ்க் இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. அதைப் போடும் தட்டும் எப்போதோ திறக்க மறுத்துவிட்டது.

"விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோட கம்பெனி ஆதரவை நிறுத்திட்டாங்க மேடம். 11-ஐ இந்த மெஷின் ஏத்துக்காது. புதுசு வாங்கிடுங்க" என்று முடித்தான். அவன் சொன்னது சரிதான். இவரும் அதையே சொன்னார். புதுசு வாங்கலாம், அம்மாவின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மயிலாப்பூர் திரும்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே காப்பி கலந்தேன். பத்து வருஷமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறவள் பாத்திரம் தேய்த்தபடியே என்னைப் பார்த்தாள். "இதுக்கா அழுவுற? எம் பொண்ணு இதெல்லாம் பாக்கும்மா. சாயந்திரம் அனுப்பட்டா?"

அவள் பெண் மந்தைவெளியில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்க்கிறாள் என்று தெரியும். அதற்கு மேல் நான் விசாரித்ததேயில்லை. 2012-ல் ப்ளஸ் டூ படிக்கும்போது அவளுக்கு அரசாங்க லாப்டாப் கிடைத்ததாம். 2011-ல் ஜெயலலிதா ஆரம்பித்த திட்டம். அந்த லாப்டாப்பில் விண்டோஸோடு 'பாஸ்' என்று இன்னொன்றும் இருந்தது. சென்னையிலேயே, சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ் வகை அது. "எல்லாரும் அதைத் தொடவே மாட்டாங்க ஆன்ட்டி. எனக்கு விண்டோஸ்ல வைரஸ் வந்துடுச்சு, வேற வழியில்லாம கத்துக்கிட்டேன்" என்று சிரித்தாள்.

லினக்ஸ் என்பது 1991-ல் பின்லாந்தில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கி வைத்தது. உலகமெங்கும் பலர் சேர்ந்து வளர்த்து, இலவசமாகவே கொடுக்கிறார்கள். இலவசம் என்றதும் எனக்குச் சந்தேகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

"வீடு அப்படியே இருக்கு ஆன்ட்டி. வாசக்கதவுதான் திறக்கல. கொல்லைப்பக்கமா போய் சாமானை எடுத்துக்கலாம்" என்றாள். டிஸ்க்கே வேண்டாமாம், பென்டிரைவ் போதுமாம்!

ரிச்சி தெருவில் 16 ஜி.பி. பென்டிரைவ் வாங்கி வந்தேன். டி.டி.பி. கடைக் கம்ப்யூட்டரில் 'லினக்ஸ் மிண்ட்' என்பதை அவள் இறக்கினாள். ஏறக்குறைய 3 ஜி.பி. ஃபைல். அதைப் பென்டிரைவில் சும்மா காப்பி செய்தால் வேலைக்காகாது. அரிசியைக் கொட்டி மூடி வைத்தால் சாதமாகிவிடுமா? 'ரூஃபஸ்' போன்ற ஒரு சின்ன புரோகிராமால் முறைப்படி எழுத வேண்டும். அப்போது பென்டிரைவில் முன்பிருந்ததெல்லாம் அழிந்துவிடும், ஜாக்கிரதை.

பிறகு பென்டிரைவைச் செருகி, லாப்டாப்பை ஆன் செய்த கையோடு எஃப்12 பட்டனைத் தட்டினாள். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். சிலதில் எஃப்9, சிலதில் எஸ்கேப். "எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று மெஷின் கேட்க, பென்டிரைவைக் காட்டினாள். இரண்டு நிமிஷத்தில் பளிச்சென்று ஒரு புதுத் திரை! இதில் அழகு என்னவென்றால், இந்தக் கட்டத்தில் ஹார்ட் டிஸ்க்கில் எதையும் பதிப்பதில்லை. பென்டிரைவிலிருந்தே எல்லாம் ஓடுகிறது. அப்படியே ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால்... என் பெண்ணின் ஆயுஷ்ஹோமப் படம்!

வெளியே செருகும் ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுக்க ராத்திரி பத்து மணி ஆயிற்று. "இது போதாது ஆன்ட்டி, வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாத்துட்டுதான் அடுத்தது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பார்த்தோம். அம்மாவின் பதிவுகள் பதினொன்றில் ஒன்று திறக்கவில்லை. எது என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் நிறுவும் படலம். பழைய பாட்டரி செத்துப் பல வருஷம். பிளக்கில் இருந்தால்தான் உயிர். பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது திரை இருண்டது. திரும்பிப் பார்த்தால், மாமியார் அந்தப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு கிரைண்டரைச் செருகிக்கொண்டிருக்கிறார்!

"உளுந்து ஊறி நாலு மணி நேரம் ஆச்சு, அது காத்திண்டிருக்குமா?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பெண்ணோ அசரவில்லை. "நகல்தான் இருக்கே. மாவு ஆகட்டும், முதல்லேர்ந்து போடலாம்" என்று உட்கார்ந்து மாமியாரோடு பேசிக்கொண்டிருந்தாள். மாவு வழித்த பிறகு மறுபடி ஆரம்பித்து அரை மணியில் முடிந்தது. ஆனால் வைஃபை வரவில்லை. பழைய மெஷின்களில் இது சகஜமாம். செல்போனைக் கேபிளில் இணைத்து அதன் நெட்டைக் கொடுத்ததும், வேண்டிய டிரைவரை அதுவே தேடிப் போட்டுக்கொண்டது. 4 ஜி.பி. நினைவகம்தான், ஆனாலும் முன்னைவிட வேகம். 1999-ல் தமிழக அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையும் அதிலேயே இருக்கிறது. விண்டோஸுக்கென்றே இவர் வாங்கிய கணக்குப் புரோகிராம் மட்டும் இதில் ஓடாது. அதற்கு இன்னும் முணுமுணுக்கிறார்.

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "எங்க அக்காவுக்கு ஒம்பதாம் மாசம் ஆன்ட்டி. அந்த லேகியம் எப்படின்னு கேக்கலாமா?"

மூன்று பேரும் சேர்ந்து கேட்டோம். சுக்கு, மிளகு, ஓமம் என்று அம்மா நிதானமாக அளவு சொல்லிக்கொண்டே வருகிறாள். "திப்பிலி..." என்னும்போது குக்கர் விசில்! அது அடங்குவதற்குள் வெல்லத்துக்குப் போய்விட்டாள்.

"திப்பிலி கொஞ்சமாப் போட்டாப் போதும். உங்கம்மா எப்பவும் ஜாஸ்திதான் போடுவா" என்றார் மாமியார். அக்காவின் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்த இடத்தை மறுபடி ஓட்டினேன்.