மழை ஒன்று, ஓடை இரண்டு

மாத்தளையில் பிறந்து வளர்ந்த நம்மைப் போன்றோருக்கு ரிவர்ஸ்டன் கண்ணுக்கு எட்டிய மலை. காலுக்கு எட்டுவதற்கோ ஒரு நல்ல நாள் வாய்க்க வேண்டும். சென்ற ஐப்பசியில் அத்தகைய நாளொன்று வாய்த்தது. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர் சகிதம் கட்டுச்சோற்றையும் எடுத்துக்கொண்டு இரத்தோட்டை வழியாக மலையேறினோம். உச்சியில் வீசிய காற்றையும் மூடிய பனியையும் பற்றி எழுதத் தொடங்கினால் அதுவே ஒரு கட்டுரையாகிவிடும். அதனை வேறொரு ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்வோம்.

கணவாயைக் கடந்து இலுக்கும்புரப் பக்கமாக இறங்குகையில், வீதியின் கீழாகப் பாயும் சிற்றோடை ஒன்றின் அருகே அமர்ந்து உணவருந்தினோம். கை கழுவச் சென்ற மூத்த பேரன் திரும்பி வரக் காணோம். போய்ப் பார்த்தால், கல்லொன்றைப் புரட்டி அதன் அடிப்புறத்தைக் கண்கொட்டாது நோக்கிக்கொண்டிருக்கிறான்! அங்கே ஓர் ஊரே குடியிருந்தது. மூன்று வால்களையுடைய தட்டைப் பூச்சிக் குஞ்சுகள் விரைந்தோடின. இவை நீரினுள் பல மாதங்கள் வாழ்ந்து, சிறகு முளைத்தபின் ஓரிரு நாளில் மடிபவை. மணற்பருக்கைகளைத் தன் வாயிலூறும் பட்டிழையால் ஒட்டிக் கூடு கட்டிய புழுவொன்று அக்கூட்டுடனேயே நகர்ந்தது. சற்று அப்பால், பாய்ச்சலின் நடுவே கல்லைப் பற்றியவாறு கல்லொட்டி மீன்கள் நின்றன. புரட்டிய கல்லை முன்போலவே வைக்கும்படி பேரனிடம் கூறினோம்.

அப்பொழுதுதான் மழை பிடித்தது. ஒரு மணி நேரம் தேநீர்க் கடையொன்றில் ஒதுங்கியிருந்துவிட்டு மீண்டும் ஓடையைப் பார்த்தோம். பெருவெள்ளத்தை எதிர்பார்த்த நமக்கு ஏமாற்றமே. நீர் ஒரு சாண் உயர்ந்திருந்தது, அவ்வளவே. அடியிலிருந்த கற்கள் இன்னமும் தெரிந்தன.

மாலை வீடு திரும்பினோம். மாத்தளையிலும் நல்ல மழையாம். நம் வீட்டின் பின்புறத்து ஓடை வேலியைத் தாண்டி ஒழுங்கைக்கு ஏறிவிட்டதாக அயல்வீட்டு அம்மையார் கூறினார். நாம் சென்று பார்த்தபோதோ கணுக்கால் அளவு கலங்கல் நீரே கிடந்தது. வேலிக் கம்பிகளில் இடுப்புயரத்துக்குப் பொலித்தீன் பைகள் தொங்கின.

"தாத்தா, அங்க இருந்த பூச்சியெல்லாம் நம்ம ஓடையில ஏன் இல்ல?" என்று பேரன் கேட்டான். ஊத்தை நீர்தான் காரணமென்று சொல்லி அவனை உறங்க அனுப்பினோம். பாதி உண்மை அது. மறுபாதி நம்மை உறங்க விடவில்லை.

மலைக்காட்டில் விழும் மழை முதலில் இலையில் தங்குகிறது. பிறகு சருகில், பிறகு வேரோடிய மண்ணில். மண் அதனை உட்கொண்டு நாட்கணக்கில், வாரக்கணக்கில் சிறிது சிறிதாக ஓடைக்கு ஈகிறது. ஆதலின் மழைநாளில் ஓடை மிஞ்சுவதில்லை, வெயில்நாளில் வறள்வதுமில்லை. நகரத்திலே கூரை, தார் வீதி, சீமெந்து முற்றம், வடிகான் ஆகியன மழையை நிற்கவிடாது துரத்துகின்றன. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: நூறு சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2500 லீற்றர் நீர். ஒரு தெருவின் கூரைகள் யாவும் அந்நீரை ஒரே வேளையில் ஓடையில் கொட்டினால் என்னாகும்? கல் உருளும், கரை அரியும், கல்லின் அடியில் குடியிருந்தவை அடித்துச் செல்லப்படும். வெள்ளம் வடிந்ததும் எஞ்சிய சேறு கற்களின் இடைவெளிகளை அடைத்துவிடும். சில நாளில் ஓடையே மெலிந்து சூடேறிக் கிடக்கும். பெருமழைக்கு ஒருமுறை வரும் இடர் சிறுமழைதோறும் வந்தால் எந்த உயிர்தான் மீண்டு குடியேறும்?

இக்குறிகளை ஒன்றுசேர்த்து 'நகர ஓடை நோய்' எனும் பொருள்பட ஆஸ்திரேலிய விஞ்ஞானி கிறிஸ்தோபர் வோல்ஷும் அவருடைய தோழர்களும் 2005இல் விரிவாக எழுதினர். நீர் வந்து சேரும் நிலத்தில் பத்தில் ஒரு பங்கு மூடப்பட்டாலே ஓடையின் உயிர்கள் குன்றுவது கண்கூடு என்பது பல நாடுகளில் அறிந்த செய்தி.

நம் சிறுவயதில் அந்தப் பின்புறத்து ஓடையில் துண்டை விரித்து அயிரை பிடித்திருக்கிறோம். அது எப்பொழுது மறைந்தது என்பதை நாம் கவனிக்கவில்லை. கவனியாமைக்கு ஒரு காரணமும் உண்டு. 1976 முதல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர் சுரங்க வழியே உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து சுது கங்கையில் விழுகிறது. ஊர் நடுவே ஓடும் ஆற்றில் நீரைக் கண்டுகொண்டே இருந்தோம். அதில் வந்து சேரும் சிற்றோடை செத்ததை அறிந்தோமில்லை. 1994இல் முன்முற்றம் முழுவதற்கும் சீமெந்து பூசி, கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து ஓடைக்கு விட்டவர் வேறு யாருமல்லர், நாமே. அந்நாளில் அதனைப் பெருமையாகக் கூறிக்கொண்டோம்.

ரிவர்ஸ்டன் ஓடைகள் மட்டும் என்றும் இப்படியே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. நக்கிள்ஸ் காடு 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததுதான். ஆயினும் வீதியோரங்களில் விடுதிகளும் வண்டித் தரிப்பிடங்களும் எழுகின்றன. 1985இல் ரணில் சேனாநாயக்க விவரித்த கெண்டை இனமொன்றும், 1991இல் செட்ரிக் மார்ட்டென்ஸ்டைனின் பெயர் சூட்டப்பட்ட மற்றோர் இனமும் இம்மலையோடைகள் சென்று சேரும் அம்பன் கங்கை வடிநிலத்துக்கே உரியவை. நம் வீட்டு ஓடையை விட்டு அயிரை போனால், அது வேறோர் ஊரில் இருக்கும். இம்மீன்கள் போனால் வேறெந்த ஊரில் தேடுவது?

மறுநாட் காலை மகனிடம் பேச்செடுத்தோம். பின்முற்றத்துக்கும் சீமெந்து பூச மேசனிடம் அவன் முற்பணம் கொடுத்திருந்தான். "மண் முத்தத்தில தண்ணி தேங்கினா டெங்கு வரும் அப்பா. சுகாதாரப் பரிசோதகர் வந்தா வழக்கு என் பேருல" என்றான். நியாயமான பேச்சு. சென்ற ஆண்டு இளைய பேரன் அக்காய்ச்சலில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்ததை நாமும் மறக்கவில்லை. மண்ணில் உறிஞ்சப்படும் நீரில் நுளம்பு முட்டையிடாது, தேங்கும் நீரிலேதான் இடும் என்றோம். மெல்பேண் நகரின் புறத்தே லிட்டில் ஸ்ட்ரிங்கிபார்க் என்னும் ஓடைக்காக வீடுவீடாக மழைத்தொட்டி வைத்த கதையையும் கூறினோம். "அது அவங்க ஊரு" என்றான். மருமகள் மட்டும், தொட்டி இருந்தால் துணி துவைக்க உதவுமே என்று மெல்லச் சொன்னாள். நாம் கூறிய அத்தனை நியாயங்களையும்விட அதற்கே செல்வாக்கு இருந்தது.

திங்கட்கிழமை மேசன் வந்தார். வண்டிச் சக்கரம் உருளும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் சீமெந்து, நடுவே புல். கூரைத் தண்ணீருக்கு நுளம்பு வலை கட்டிய தொட்டி; மிகுவது வாழையடிக்கு. மகனுக்கு முழுத் திருப்தி இல்லை. முற்பணத்தில் மிச்சத்தை மேசன் திருப்பித் தரவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். முன்முற்றம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதனை உடைக்க எவ்வளவு ஆகுமென்று அந்த மேசனிடமே விசாரித்திருக்கிறோம்.

நேற்றுப் பேரன் பின்புறத்து ஓடையில் நான்கு கற்களைப் புரட்டிப் பார்த்தானாம். நத்தை ஒன்று இருந்ததாம். கல்லை முன்போலவே வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னான்.