கடதாசி எதற்கு என்று கேட்டவன் நான்

கற்பிட்டியிலிருந்து புத்தளம் செல்லும் பஸ்ஸில் எங்கள் குறிஞ்சிப்பிட்டியில் ஏறி, ஜன்னல் பக்கம் இடமும் கிடைத்துவிட்டால், தென்னந்தோட்டங்களையும் வெங்காய, மிளகாய்ப் பாத்திகளையும் பார்த்துக்கொண்டே போகலாம். நுரைச்சோலையை நெருங்கும்போது நிலக்கரி மின் நிலையத்தின் புகைபோக்கி தலைகாட்டும். அதையும் தாண்டினால் மாம்புரிப் பக்கம் காற்றாலைகள் நின்று சுழலும். அந்தக் காற்றாலைகள் மின்சாரம் தரத் தொடங்கியது 2010இல். நிலக்கரி நிலையத்தின் முதற் பிரிவு 2011இல் இயங்கத் தொடங்கி, 2014இல் மூன்று பிரிவுகளுமாகச் சேர்ந்து 900 மெகாவாட் ஆயிற்று.

நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் ஊர்க்காரர் நாம் என்று எங்களில் சிலர் பெருமை பேசுவதுண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கினால் கோளாறு ஏற்பட்டு நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனபோது, மின் நிலையத்துக்கு அயலில் இருக்கும் நாங்களும் மற்றவர்களைப் போலவே விசிறி இல்லாமல் வியர்த்துக் கிடந்தோம். அது கிடக்கட்டும். பெருமை பேசும் எங்கள் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இந்த மின்சாரத்தால் சம்பளம் எடுக்கிறார்கள்? இதைத்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். பேசுவதற்கு முன் என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போது 2013ஆம் ஆண்டு. நான் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவில் ஒரு மாணவர் இருந்தார். வயது பதினெட்டு இருக்கும். வாப்பா கடற்றொழிலாளி. மாமா ஒருவர் வீடுகளுக்கு வயரிங் செய்பவர். லீவு நாட்களில் அவரோடு திரிந்து திரிந்து இந்தப் பிள்ளை நன்றாகத் தொழில் பழகியிருந்தார். எங்கள் மத்ரஸாவில் லைட் எரியாவிட்டாலும் தண்ணீர் மோட்டார் நின்றாலும் நாங்கள் கூப்பிடுவது அவரைத்தான். ஒருநாள் அஸருக்குப் பிறகு ஒரு படிவத்தோடு வந்தார்.

“ஹஸ்ரத், மின்னியலாளர் கோர்ஸ் ஒன்று. ஆறு மாசம். இதில உங்கட கையெழுத்து ஒன்று வேணும்.”

நான் படிவத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “மகன், உங்களுக்குத்தான் தொழில் தெரியுமே. கையில தொழில் இருக்கக்குள்ள கடதாசி என்னத்துக்கு? முதல்ல கிதாபை முடிங்க” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. படிவத்தை மடித்து ஜுப்பாப் பையில் வைத்துக்கொண்டு போனார். விண்ணப்ப முடிவுத் திகதியும் போனது. அடுத்த வருடம் வாப்பாவுக்குச் சுகமில்லாமல் போகவே கிதாபையும் முடிக்காமல், உம்மாவின் காப்பை அடகு வைத்து ஏஜன்சிக்குக் காசு கட்டி, கட்டாருக்குப் போய்விட்டார்.

வாசகர்களே, இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வார்த்தைகளை நான் சொன்னபோது என் தலைக்கு மேலே சுவரில் என்னுடைய சனது சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு வருடம் ஓதி, உஸ்தாதுமார் கையொப்பமிட்டுத் தந்த கடதாசி அது. இஜாஸா இல்லாத ஒருவர் வந்து “எனக்கும் ஹதீஸ் தெரியும், பாடம் நடத்த விடுங்கள்” என்று கேட்டால் நாம் விடுவோமா? யாரிடம் ஓதினீர், அவர் யாரிடம் ஓதினார் என்று கேட்கமாட்டோமா? தாவூத் நபி (அலை) அவர்கள் இரும்புக் கவசம் செய்து உழைத்த வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கும் நாம், இன்றைய கைத்தொழிலுக்கும் ஓர் இஜாஸா உண்டு என்பதை அறியாமல் இருந்தோம். நான் இருந்தேன் என்று சொல்வதே சரி.

அந்தக் கடதாசியின் பெயர் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ். என்.வி.கியூ. என்று சொன்னால்தான் பலருக்கும் விளங்கும். அதில் ஏழு மட்டங்கள். முதல் நான்கும் சான்றிதழ். நான்காம் மட்டம் எடுத்தவர் தன் தொழிலைத் தனியாகச் செய்யக்கூடியவர் என்று கருதப்படுகிறார். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்குச் சமம். தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா போன்ற அரச நிறுவனங்கள் வழியாக இவை கிடைக்கின்றன.

பசுமை வேலைகள் என்ற சொல்லை இப்போது எல்லாக் கூட்டங்களிலும் கேட்கிறோம். சூழலைக் கெடுக்காமல், அல்லது கெட்டதைச் சீராக்கிச் சம்பாதிக்கும் தொழில்கள் என்று விளங்கிக்கொள்ளலாம். எரிசக்தித் துறை இப்படி மாறுவதால் 2030ஆம் ஆண்டுக்குள் உலகில் 2 கோடி 40 இலட்சம் புதிய வேலைகள் உண்டாகலாம், 60 இலட்சம் வேலைகள் இல்லாமல் போகலாம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. இலங்கையும் 2030இல் தன் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழிகளில் பெறுவதை இலக்காக வைத்திருக்கிறது.

காற்றாலையைப் பார்க்கும்போதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்காதா என்று ஏங்குபவர்கள் எங்களில் பலர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விசாரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. காற்றாலை கட்டும்போதுதான் ஆள் தேவை: பாதை போட, அத்திவாரம் வெட்ட, கொங்கிரீட் போட, பாரந்தூக்கியோடு நிற்க. கட்டி முடித்த பிறகு, உயரத்தில் ஏறி ஆணி இறுக்கவும் எண்ணெய் மாற்றவும் கருவிகளைக் கவனிக்கவும் ஒரு சிறு குழு போதும். மன்னாரில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். அவ்வளவு பெரியதற்கும் இதுதான் நிலை. எங்கள் கரைக் காற்றை நம்பிப் பிழைக்கும் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமானால் கற்பிட்டிக் களப்பில் வெள்ளைக்காரருக்குப் பட்டச் சறுக்கல் பழக்கும் பையன்களைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் காற்றடிக்கும் மாதங்களில் மட்டும்.

ஆள் வேண்டியிருப்பது வீட்டுக் கூரைகளின் மேல். 2016இல் அரசாங்கம் ‘சூரியபல சங்க்ராமய’ என்று தொடங்கிய திட்டத்தின் பின் புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு, கொழும்பு என்று நகரங்கள் தோறும் வீடுகளிலும் கடைகளிலும் சூரியத் தகடுகள் ஏறின. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு பற்றரிக்கும் தகட்டுக்கும் இன்னும் கேள்வி கூடியது. ஒவ்வொரு கூரைக்கும் ஆட்கள் ஏற வேண்டும்; சட்டம் பொருத்த வேண்டும்; வயர் இழுக்க வேண்டும்; வருடக்கணக்கில் பராமரிக்க வேண்டும். காற்றாலை போல ஓரிடத்தில் முடிந்துவிடும் வேலை அல்ல இது.

என் மாணவர் 2021இல் ஊர் திரும்பினார். ஏழு வருட உழைப்பில் தங்கச்சியின் கலியாணம் முடிந்தது, உம்மாவின் காப்பும் மீண்டது. மிச்சம் ஒன்றுமில்லை. பழையபடி வயரிங் வேலை. வெங்காயத் தோட்டக்காரர்களுக்கு சூரிய சக்தியில் இயங்கும் தண்ணீர்ப் பம்பி பூட்டிக் கொடுத்தும் நல்ல பெயர் எடுத்தார். 2024இல் நீர்கொழும்பில் ஒரு கூரை வேலைக்குக் கூப்பிட்டார்கள். கம்பனியின் பெயர் நமக்கு வேண்டாம். போனவரிடம் என்.வி.கியூ. கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றதும் உதவியாள் சம்பளத்தில் போட்டுவிட்டார்கள். மேற்பார்வைக்கு வந்த தம்பிக்கு வயது இருபத்திரண்டு. நான்காம் மட்டம் முடித்தவர். நிலவயர் இணைக்கும் முறையை இவரிடம்தான் கேட்டுக் கேட்டுச் செய்தாராம். இதை என்னிடம் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பனிக்காரர் கேட்டது தவறென்று நான் சொல்லமாட்டேன். வெயில் படும்வரை சூரியத் தகட்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். வீட்டு ‘மெயின்’ சுவிட்சை அணைத்தாலும் தகடு அணையாது. பல தகடுகளைத் தொடராக இணைத்தால் பல நூறு வோல்ட் நேரோட்ட மின்சாரம். இணைப்பு தளர்ந்தால் பொறி பறந்து கூரையே பற்றிக்கொள்ளும். தெரிந்தவர், தெரியாதவர் என்று பிரித்தறிய அவர்களுக்கு ஒரு வழி வேண்டும்தானே?

அதன் பிறகுதான் நானும் அவருமாகத் தேட ஆரம்பித்தோம். மனைவி பிள்ளைகளை வைத்துக்கொண்டு முப்பது வயதில் மறுபடி வகுப்பில் போய் உட்கார முடியாது. ஆனால் வேறொரு வாசல் இருக்கிறது. இதை நம் ஊர்களில் அநேகர் அறியமாட்டார்கள். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். ஒரு தொழிலை அனுபவத்தால் பழகியவர், கோர்ஸுக்குப் போகாமலே மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் போன்ற ஆதாரங்களைச் சேர்த்துக்கொண்டு போனால், மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், செய்து காட்டச் சொல்வார். எல்லா அலகுகளிலும் தேறாவிட்டாலும், தேறிய அலகுகளுக்குத் தனிச் சான்று தருவார்கள். மிச்சத்தைப் பிறகு முடிக்கலாம்.

ஆதாரம் சேர்ப்பதற்கே இரண்டு மாதம் பிடித்தது. பதினைந்து வருட வேலைக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை! வெங்காயத் தோட்டக்காரர்கள் “என்ன மௌலவி, இதுக்கெல்லாம் கடிதமா?” என்று கேட்டார்கள். என் பழைய கேள்வியே எனக்குத் திரும்பி வந்தது. பள்ளிவாசல் வயரிங்குக்கு நிர்வாகம் கடிதம் கொடுத்தது. மத்ரஸாவுக்கு நான் எழுதினேன்.

மதிப்பீட்டு நாளில் செய்முறையில் ஒரு குறையும் இல்லை. வரைபடம் வாசிப்பதில்தான் தடுமாறிவிட்டார். படத்தில் குறிப்புகள் ஆங்கிலத்தில், விளக்கம் சிங்களத்தில். பேச்சுச் சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அந்தச் சொற்கள் வேறு. பெரும்பாலான அலகுகள் கிடைத்தன. வரைபடமும் மோட்டார்க் கட்டுப்பாடும் பாக்கி.

இந்தியாவில் ராஜஸ்தான் மாநிலத்தின் திலோனியாவில் ‘பெயார்ஃபூட் கல்லூரி’ என்று ஒன்று உண்டு. எழுத வாசிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கு, ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த பாட்டிமாருக்குக்கூட, சூரிய விளக்கு செய்யவும் திருத்தவும் அங்கே பழக்கியிருக்கிறார்கள். பொது மொழி இல்லாததால் நிறத்தாலும் சைகையாலும் கற்பித்தார்கள். தமிழ் மட்டும் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைக்கு அரபு இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை. தமிழும் அரச மொழியாக இருக்கும் நாட்டில், தமிழில் ஒரு சொற்பட்டியல் அச்சடித்துக் கொடுப்பது இதைவிட இலகுவான காரியம் அல்லவா?

அந்தப் பட்டியலை இப்போது நாங்களே எழுதிக்கொண்டிருக்கிறோம். இஷாவுக்குப் பிறகு அவர் மத்ரஸாவுக்கு வருவார். நான் அகராதியைப் புரட்டுவேன். அவர் பொருளை எடுத்துக் காட்டுவார். அவர் ஓதிய அதே வாங்கில்தான் உட்காருகிறோம். “ஹஸ்ரத், அது அப்படி இல்ல, இந்தக் கோடு நிலவயர்” என்று அவர் என்னைத் திருத்துகிறார். மூத்த மாணவர்கள் இருவர் தாமாகவே வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள். அவர்களை நான் எழுப்பிவிடவில்லை.

மிச்ச அலகுகளுக்கான மதிப்பீடு அடுத்த மாதம். காலை முதல் பஸ்ஸில் நானும் கூடப் போவதாக இருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.