சிறுவாடும் பன்னிரண்டு சொற்களும்

எங்கள் பக்கத்து வீடுகளில் சிறுவாடு என்பது பெண் சேர்க்கும் தனிக்காசு. பால் ஊற்றியது, முட்டை விற்றது, கடலைக்காய் பொறுக்கியது என்று சிறுகச் சிறுக வந்து கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் ஒளிந்துகொள்ளும். அதைத் திருட்டு என்று கேலி பேசிய ஆண்களே பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு அந்த டப்பாவிடம்தான் கை நீட்டினார்கள். அது எவ்வளவு, எங்கே என்பது ஒருத்திக்கு மட்டுமே தெரியும். அந்த ரகசியம்தான் சிறுவாட்டின் பூட்டு.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது அந்தப் பூட்டு உடைந்தது. தாளை மாற்ற வங்கிக்குப் போக வேண்டும், போவதற்கு முன் வீட்டில் சொல்ல வேண்டும். பல வருட ரகசியத்தைப் பெண்கள் ஒரே வாரத்தில் சமையலறையிலிருந்து எடுத்துக் கணவன் முன் வைத்தார்கள்.

வங்கிக்குப் போன பணமும் அவளுடையதாகிவிடவில்லை. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். கவரில் வந்தது இப்போது பல கம்பெனிகளில் கணக்குக்கு வருகிறது. கணக்கு அவள் பெயரில், ஏடிஎம் கார்டு அவன் பர்ஸில், கணக்கோடு இணைத்த போன் நம்பர் அப்பாவுடையது. சம்பளம் ஏறிய மெசேஜ் அவளுக்கு முன்னால் அவருக்குப் போகிறது. இதைவிடக் கொடுமையானதையும் இந்த வட்டாரம் கண்டிருக்கிறது. நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தில் பெண்பிள்ளைகளின் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, மூன்றாண்டு முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். உடம்புக்கு முடியாமல் நடுவில் வெளியேறிய பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. உழைத்தவள் அவள், சாவி மட்டும் இன்னொருவர் கையில்.

அதனால், மாலையில் பனியன் கம்பெனிக்குப் பிசிர் வெட்டப் போகும் என் மாணவி ஒருத்தி, "ஏனுங்க மேம், இந்தக் கிரிப்டோ வாலட்டுல போட்டா வீட்டுக்குத் தெரியாதாமா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அவள் கேட்டது சிறுவாட்டைப் பற்றி.

அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். வாலட் என்றதும் பர்ஸ் என்று நினைக்கிறோம், ஆனால் அதற்குள் காசு இருப்பதில்லை. யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போனது என்பது உலகெங்கும் பல கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்படும் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. பிட்காயினின் பேரேடு 2009 ஜனவரியில் தொடங்கியது. வாலட் வைத்திருப்பது அந்தப் பேரேட்டில் உன் பங்கை நகர்த்தும் சாவியை. முகவரி என்பது வீட்டு விலாசம் போல, பணம் அனுப்புபவருக்குக் கொடுக்கலாம். சாவியை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அந்தச் சாவியை மனிதர் எழுதிவைக்கும் வடிவம்தான் பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு சொற்கள். 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து செயலி பொறுக்கித் தரும், வரிசை மாறக் கூடாது. ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு என்று பட்டியல்கள் உண்டு, தமிழுக்கு இல்லை. சொற்களை நம்பிப் பிழைக்கும் எனக்கு இது உறுத்துகிறது. நம் பெண் தன் பணத்தின் சாவியைக்கூட அடுத்தவர் மொழியில், எழுத்துப் பிழையில்லாமல் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. காகிதத்தில் எழுத வேண்டும், போனில் படம் எடுத்துவைக்கக் கூடாது. எந்தக் கம்பெனிக்காரர் கேட்டாலும் சொல்லக் கூடாது, கேட்பவர் திருடர். தொலைந்தால் மேனேஜரைப் பார்த்து மனுக் கொடுக்க வங்கி இல்லை. தவறான முகவரிக்கு அனுப்பியது திரும்பாது.

சாவியை வைத்துக்கொள்ளப் பயந்தால் எக்ஸ்சேஞ்ச் கம்பெனியிடமே விட்டுவைக்கலாம். அப்போது சாவி அவர்களிடம். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்கள் களவு போயின, மற்றவர்களின் பணமும் மாதக்கணக்கில் முடங்கியது. சாவி தன்னிடமே இருந்தாலும் விலை ஒரே வாரத்தில் பாதாளத்துக்குப் போகலாம். லாபம் வந்தால் 2022 ஏப்ரல் முதல் 30 சதவீதம் வரி.

இவ்வளவு இருந்தும் இது வெறும் சூதாட்டம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் மென்பொருள் நிறுவனம் நடத்திய ரோயா மஹ்பூப், 2013 வாக்கில் தன் தளத்தில் எழுதிய பெண்களுக்கு பிட்காயினில் கூலி கொடுத்தார். பலருக்கு வங்கிக் கணக்கு இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் வீட்டு ஆண்கள் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்தச் சாவி ஒரு வாசலைத் திறந்தது.

ஆனால் அடிக்கிற கை உள்ள வீட்டில் பன்னிரண்டு சொற்களைக் கறந்துவிட எவ்வளவு நேரமாகும்? போன் பொதுவானால், பூட்டைத் திறக்கும் விரல் கணவனுடையதானால், எந்தக் கணக்கியலும் அவளைக் காக்காது. இதன் மறுபக்கமும் உண்டு. சொற்களை யாருக்கும் சொல்லாமல் கணவன் இறந்தால் மனைவிக்கு ஒரு பைசா கிடைக்காது. எந்த வாரிசுச் சான்றிதழுக்கும் அந்தப் பேரேடு பதில் சொல்லாது.

இந்த ஊரில் இன்னொரு பயமும் உண்டு. அந்நியச் செலாவணி வணிகத்தில் கொழுத்த லாபம் என்று சொல்லி, திருப்பூரிலிருந்து இயங்கிய பாசி நிறுவனம் மக்களிடம் சுமார் 930 கோடி ரூபாய் ஏமாற்றியது. 2009-ல் அது சரிந்தது. இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை என்று கோவை நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2022 ஆகிவிட்டது. அன்று அந்நியச் செலாவணி என்ற சொல்லைக் காட்டி அழைத்தவர்கள் இன்று கிரிப்டோ என்று வாட்ஸப்பில் அழைக்கிறார்கள். மாதாமாதம் உறுதியான லாபம் என்று சொல்லும் எதுவும் வாலட் அல்ல. பணத்தை அனுப்பிவிட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

மாணவிக்கு நான் சொன்ன வரிசை இது. முதலில் உன் பெயரில் ஒரு சிம். பிறகு அந்த நம்பரில் தபால் நிலையத்தில் கணக்கு, பாஸ்புக் உன் கையில். வாலட் அதற்கப்புறம், அதுவும் போனால் அழாத தொகைக்கு மட்டும்.

சிம்மை வாங்கிவிட்டாள். அடுத்த வாரம் மறுபடியும் வந்து பிட்காயினைப் பற்றிக் கேட்டாள். "சொல்லெழுதுன காகிதத்த வீட்டுல எங்க வெப்ப?" என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்படி ஒரு எடம் இல்லீங்க மேம்" என்றாள்.