கல்லுக்கு இந்தப் பக்கம்

ஆகனில் படித்தபோது ஞாயிறு ஊர்சுற்றலுக்குப் பெரிதாகக் காசு தேவைப்படவில்லை. ரொட்டியைக் கட்டிக்கொண்டு 322 மீட்டர் உயர ஃபால்சர்பெர்க் குன்றுக்கு நடப்போம். உச்சியில் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஒரு கல். சோதனைச் சாவடி கிடையாது. அதைச் சுற்றி ஓடி, "பத்தே செகண்ட்ல மூணு நாடு!" என்று கத்துவோம்.

கூடவரும் சிரியா நண்பர் மட்டும் கல்லுக்கு இந்தப் பக்கமே நிற்பார். புகலிட மனு முடிவாகும்வரை அவர் ஜெர்மனியைத் தாண்டக் கூடாது. "யாரு பாக்கப் போறா, வாங்க" என்றான் ஒருவன். "பொண்ணு இன்னும் அங்கதான் இருக்கா. அவளைக் கூப்பிட்டுக்கணும்" என்றார்.

1920 வரை இங்கே மொரெஸ்னெட் என்ற நான்காவது நிலப்பகுதியும் இருந்தது. இப்போது அது பெல்ஜியம். எல்லைகள் அழியும்தான், அவர் மகளுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதே. அதன்பிறகு ரொட்டியை ஜெர்மன் பக்கம் உட்கார்ந்தே தின்றோம்.